தோற்கிற அணிக்கு ரசிகராவது எப்படி: பினாங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

என் அக்கா மகன் ஈப்போ புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் பினாங்குக்கு வந்தான். வந்த இரண்டாவது வாரம், "மாமா, இங்க சனிக்கிழமை ராத்திரி என்னதான் செய்றது?" என்று கேட்டான். பந்து பார்க்கப் போகலாம் என்றேன். மாமாக் கடைத் திரையில் லிவர்பூல் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு சிவப்பு ஜெர்சியோடு வந்து நின்றான். நான் கூட்டிப்போனது சிட்டி ஸ்டேடியத்துக்கு. அன்றைக்கு நம் பினாங்குக் காற்பந்து அணி தோற்றது. தோற்றதுகூடப் பரவாயில்லை, எதிரணியின் கோலை நோக்கி ஒழுங்காக ஓர் உதைகூடப் போகவில்லை. வெளியே வரும்போது, "இதை ஏன் மாமா இத்தனை வருஷமா பார்க்கிறீங்க?" என்றான்.

ஏன் என்பதற்கு இன்னும் நான் சரியான பதில் சொல்லவில்லை. எப்படி என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அவனைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கு அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஓர் அணியைப் பிடியுங்கள்

மலேசியக் காற்பந்தில் மேலே இருப்பது சூப்பர் லீக். அதற்கு அடுத்த படியாக 2022 வரை பிரிமியர் லீக் இருந்தது. 2023-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஏ1 என்ற அரைத்தொழில்முறை லீக் இருக்கிறது, அதற்கும் கீழே ஏ2 என்ற அமெச்சூர் லீக். கீழ் லீக்குகளில் ஆடும் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் காலணி மாட்டுகிறவர்கள்.

வெற்றிதான் வேண்டும் என்றால் ஜொகூர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2014-இல் தொடங்கி லீக் பட்டத்தை யாருக்கும் விட்டுத்தராமல் வைத்திருந்தார்கள். அதற்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை, தொலைக்காட்சி போதும்.

மற்றவர்களுக்கு என் ஆலோசனை, பட்டியலைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, மோட்டாரில் கிளம்பினால் ஆட்டம் தொடங்குமுன் போய்ச் சேர முடிகிற அணிதான் உங்கள் அணி. தீவில் இருப்பவர்களுக்கும் பட்டர்வொர்த், பிறைப் பக்கம் இருப்பவர்களுக்கும் அது மாநில அணியாகவே இருக்கும். நம் ஊர்க்காரர்கள் ஹரிமாவ் கும்பாங் என்பார்கள், அதாவது கருஞ்சிறுத்தை. நிறம் நீலமும் மஞ்சளும். வீட்டுப் பக்கத்துத் திடலில் ஒரு சின்ன அணி ஆடுகிறதென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ் லீக் ஆட்டங்கள் பலவும் மாலை வெயிலிலேயே நடக்கும். அங்கே கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம், காலும் காலும் மோதுகிற சத்தம்கூடக் கேட்கும்.

பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்

பக்கத்து இருக்கை அங்கிள் எப்படியும் பேச்சை 1974-க்கு இழுத்துக்கொண்டு போவார். அப்போது விழிக்காமல் இருக்க இவ்வளவு போதும். மலாயாக் கிண்ணம் என்று பெயர் இருந்த காலத்தில் பினாங்கு 1953, 1954, 1958 என்று மூன்று முறை வென்றது. மலேசியக் கிண்ணமாக மாறிய பிறகு 1974-இல் ஒரு முறை. அதோடு சரி. லீக் பட்டம் 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் வந்தது, எஃப்ஏ கிண்ணம் 2002-இல்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். 2016 பிப்ரவரி 16-ஆம் தேதி, இதே சிட்டி ஸ்டேடியத்தில், பகாங்குக்கு எதிராக நம் ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். பந்து ஒரு பக்கமாகக் கிளம்பி, நடுவானில் மனசு மாறியதுபோல மறுபக்கம் வளைந்து வலைக்குள் போனது. அந்தக் கோலுக்கு ஃபிஃபாவின் புஷ்காஷ் விருது கிடைத்தது. உலகத்தின் மிக அழகான கோல் என்ற விருது, ஆசியாவில் முதல் முறையாக ஒருவருக்குப் போனது. ஸூரிக்கில் அவர் விருதை வாங்கியது 2017 ஜனவரியில். அதே 2017 பருவம் முடிந்தபோது நம் அணி கடைசி இடத்தில் நின்று இரண்டாம் லீக்குக்கு இறங்கியது.

இதைச் சொன்னதும் என் அக்கா மகன் சிரித்தான். இன்னும் முடியவில்லை என்றேன். 2020-இல் கோவிட்டால் சுருங்கிய இரண்டாம் லீக்கை வென்று மேலே ஏறினோம். 2021-இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். 2022-இல் அதே சூப்பர் லீக்கில் கடைசி இடம். ஏழு வருடத்துக்குள் ஓர் அணி இவ்வளவும் செய்திருக்கிறது. இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மாத்திரையைக் கையோடு கொண்டுவருவது நல்லது.

எந்த ஸ்டேடியம் என்று இரண்டு முறை பாருங்கள்

பினாங்குக்கு இரண்டு வீடு. ஜார்ஜ் டவுனில் இருப்பது சிட்டி ஸ்டேடியம், நாட்டின் பழைய அரங்குகளில் ஒன்று. கொம்தாரில் பேருந்தை விட்டு இறங்கி டத்தோ கிராமாட் சாலைவழியே நடந்தே போய்விடலாம். காடியில் போனால் நிறுத்த இடம் தேடுவதற்குள் முதல் கோல் விழுந்துவிடும். இன்னொன்று பெருநிலத்தில், பத்து காவானில். 2000-ஆம் ஆண்டு சுக்மா என்ற மலேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது, 40,000 பேர் உட்காரலாம். முன்பு தோட்டமாக இருந்த இடம் அது. அவ்வளவு பெரிய அரங்கில் நம் கூட்டம் உட்கார்ந்தால், கல்யாண மண்டபத்தில் நிச்சயதார்த்தம் வைத்தது போல இருக்கும்.

ஒரு முறை இணையத்தில் டிக்கெட் வாங்கி, அரங்கத்தின் பெயரைப் படிக்காமல் நேராக டத்தோ கிராமாட்டுக்குப் போய்விட்டேன். கதவு பூட்டியிருந்தது. வாசலில் ஒரு பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து பத்து மாவுங் போய், இரண்டாவது பாலத்தில் ஏறி, மொத்தம் 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் கடல்காற்றோடு மல்லுக்கட்டிப் போய்ச் சேர்ந்தபோது முதல் பாதி முடிந்திருந்தது. தவறு முழுக்க என்னுடையது. ஒரே ஆறுதல், 2019 முதல் மோட்டார்களுக்குப் பினாங்குப் பாலங்கள் இரண்டிலும் சுங்கக் கட்டணம் கிடையாது. மழைக்காலத்தில் பாலத்துக் காற்று மோட்டாரைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த நாட்களில் காடி வைத்திருக்கும் நண்பரோடு பெட்ரோலைப் பங்குபோட்டுக்கொண்டு போவது மேல்.

ஆட்டம் பெரும்பாலும் இரவில், எட்டு ஒன்பது மணி வாக்கில் தொடங்கும். நோன்பு மாதத்தில் இன்னும் தள்ளிப்போகும். நேரத்தையும் ஆட்டம் நடக்கிற அன்று காலை ஒருமுறை சரிபாருங்கள். டிக்கெட் விலை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறினாலும், இறால் வைத்த ஒரு நல்ல நாசி கண்டார் தட்டை விட அதிகமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கையில் என்ன வேண்டும்

மழைச்சட்டை, தண்ணீர், சில்லறை. குடை வேண்டாம், பின்னால் இருப்பவர் திட்டுவார். இருக்கையைத் துடைக்க ஒரு பழைய துணி. கச்சான் அங்கேயே கிடைக்கும். புந்தோங்கிலிருந்து வந்தவர்கள் மட்டும் சொந்தக் கச்சானைக் கொண்டுவந்து, ஆட்டம் முடியும்வரை எங்கள் ஊர்க் கச்சானைக் குறை சொல்வார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பலவீனமான அணியைப் பார்க்கும் முறை

புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். தொலைக்காட்சியில் பெரிய அணிகளைப் பார்த்துப் பழகிய கண் பந்தின் பின்னாலேயே போகும். நம் அணியிடம் பந்து அதிக நேரம் இருக்காது. அதனால் உங்கள் கண் முழுக்க எதிரணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், அரை மணி நேரத்தில் அலுத்துவிடும்.

பந்தை விடுங்கள். பத்து நிமிடம் ஒரே ஓர் ஆட்டக்காரரைப் பாருங்கள். நான் எப்போதும் இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரரிலிருந்து தொடங்குவேன். பந்து மறுபக்கம் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார்? நடு ஆள் முன்னே போனால் அவர் உள்ளே நகர்கிறாரா? பந்தைத் தூக்கி அடித்து விலக்கியதும், நான்கு பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல முன்னே வருகிறார்களா, இல்லை களைத்துப்போய்க் கோலுக்கு முன்னாலிருக்கும் பெட்டிக்குள்ளேயே நிற்கிறார்களா? முன்னே வராவிட்டால், விலக்கிய பந்து அப்படியே எதிரணியின் காலுக்குத் திரும்பி வரும். நாம் வாங்குகிற கோல்களில் பாதி இப்படித்தான் வருகிறது என்று பெட்டிக்கடைக்கார அண்ணன் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்தார். அதற்குப் பிறகு ஆட்டம் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

அடுத்தது எழுபதாவது நிமிடம். அதுவரை சமாளித்த அணி அங்கே உடைவதைப் பல முறை பார்ப்பீர்கள். இப்போது ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம். வசதியான அணி மாற்றி இறக்கும் ஐந்து பேரும் முதலில் ஆடியவர்களுக்குக் குறைந்தவர்களாக இருக்க மாட்டார்கள். நம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இரண்டு பையன்களும், காயத்திலிருந்து திரும்பிவந்த ஒருவரும். பட்ட காலிலே படும் என்பது போல அவருக்கே மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அப்போது நடுக்களத்துக்கும் தற்காப்புக்கும் இடையில் ஒரு லாரி போகிற அளவுக்கு இடம் விழும். அந்த இடத்தை எதிரணி எப்போது கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். சில நாள் கண்டுபிடிக்காமலே ஆட்டம் முடிந்துவிடும், ஒரு புள்ளி நமக்கு. அந்த ஒரு புள்ளிக்கு நாங்கள் கிண்ணம் வாங்கியதுபோலக் கத்துவோம். பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாமல் கட்டிப்பிடித்திருக்கிறேன்.

கோல் காவலரையும் பாருங்கள். பெரிய அணியின் கோல் காவலருக்குச் சில இரவுகளில் வேலையே இருக்காது. நம்முடையவருக்கு ஓய்வே இருக்காது. முடிந்தால் அவர் கோலுக்குப் பின்பக்கம் உட்காருங்கள். தற்காப்பு வரிசையைப் பார்த்து அவர் போடுகிற சத்தம் கேட்கும். ஆட்டத்தை அவர் வாயாலேயே கற்றுக்கொள்ளலாம். சில வார்த்தைகளை வீட்டில் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

நமக்குக் கார்னரோ ஃப்ரீ கிக்கோ கிடைத்தால் எழுந்து நில்லுங்கள். ஓடிப் பிடித்துத் தாண்டி கோல் போடும் வலு இல்லாத அணிக்கு, நின்ற பந்துதான் வழி. அந்த நேரத்தில் பந்து கோலுக்குப் போக வேண்டிய தூரம் எல்லா அணிக்கும் ஒன்றுதான். 2016-இல் நடந்ததும் ஒரு நின்ற பந்துதானே.

கத்துங்கள், ஆனால் யார் கேட்கிறார் என்று பாருங்கள்

பாட்டெல்லாம் மலாயில்தான், இரண்டு ஆட்டத்தில் வந்துவிடும். முக்கியமான சொல் ஒன்றே ஒன்று, "ஹாரியா!" அதன் பொருளைப் பத்துப் பேரிடம் கேட்டால் பத்து விளக்கம் சொல்வார்கள். அதைப்பற்றிக் கவலைப்படாமல் "ஹாரியா பினாங்கு!" என்று மற்றவர்கள் கத்தும்போது நீங்களும் கத்துங்கள். திட்டுவது மட்டும் அவரவர் தாய்மொழியில் நடக்கும். என் வரிசையில் ஹொக்கியனும் தமிழும் சமமாகப் பறக்கும்.

பெரிய அணியின் அரங்கில் எண்பதாயிரம் பேரில் ஒருவர் திட்டினால் அது யார் காதிலும் விழாது. நம் அரங்கில் கூட்டம் குறைந்த இரவுகளில் ஒவ்வொரு சொல்லும் களத்துக்குப் போய்ச் சேரும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பல வருடத்துக்கு முன் ஓர் இளம் வலப்பக்க ஆட்டக்காரர் பந்தை மூன்றாவது முறையாக வெளியே அடித்தபோது, நான் தமிழில் அவரைப்பற்றி ஒன்று சொன்னேன். தமிழில் சொன்னதால் அவருக்குப் புரியாது என்ற தைரியம். இரண்டு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "என் மகன்தான் தம்பி, நேத்துதான் காய்ச்சல் விட்டுச்சு" என்றார். நான் இடைவேளையில் போய் அவருக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, "நீங்க சொன்னதும் சரிதான், பந்தைப் பார்க்காமதான் அடிக்கிறான்" என்றார்.

அதிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட விதிகள்: இருபத்தொரு வயதுக்குக் கீழே இருப்பவரைத் திட்டுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாராட்டுவதற்கு மட்டும். நடுவரைத் திட்டலாம், ஆனால் எல்லாத் தோல்வியையும் அவர் தலையில் கட்டக்கூடாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நம் கூடம் அவ்வளவு கோணல் இல்லை. எதிரணியின் தோல் நிறத்தையும் மதத்தையும் இழுத்துக் கத்துகிறவர் பக்கத்தில் இருந்தால் இடம் மாறி உட்காருங்கள். நீங்கள் மாறுவதை அவர் பார்க்கும்படி மாறுங்கள்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும்

கீழே கிடக்கிற அணிக்குத் தோல்வியை விடப் பெரிய ஆபத்து கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இது தமிழர்களுக்குத் தெரிந்த கதைதான். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் அணி கீழ் லீக்கிலிருந்து படிப்படியாக ஏறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, 2019-இல் சூப்பர் லீக்கில் ஆடியது. கடைசிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களே இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை வைத்து, பி. மணியத்தின் பயிற்சியில் தாக்குப்பிடித்தார்கள். 2022 பருவத்தோடு அணி விலகிவிட்டது. கெலானா ஜெயாவில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கப் போன என் சித்தப்பா மகன் இன்னும் அந்த ஜெர்சியைத்தான் தீபாவளிக்கு வீடு கழுவும்போது போட்டுக்கொள்கிறான். அதே நேரத்தில் மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் லீக்கில் ஆட உரிமம் கிடைக்காமல் வெளியேறின. பக்கத்து மாநிலமான கெடா 2007, 2008 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் தூக்கிய அணி, 2025-இல் அதற்கும் உரிமம் இல்லாமல் போனது.

ஆகவே புள்ளிப் பட்டியலோடு உரிமச் செய்தியையும் படிக்கப் பழகுங்கள். பருவம் முடிந்த பிறகுதான் அது வரும். சம்பள பாக்கி என்ற சொல் செய்தியில் தட்டுப்பட்டால் காது கொடுங்கள். நம்மால் ஆகிற உதவி சின்னதுதான்: ஓசி டிக்கெட் கிடைத்தாலும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குங்கள், ஜெர்சியை அணியின் கடையிலேயே வாங்குங்கள், ஓர் ஆட்டத்துக்கு ஒரு புது ஆளைக் கூட்டிவாருங்கள். கூட்டிவந்தவர் லிவர்பூல் ஜெர்சியில் வந்தால் ஒன்றும் சொல்லாதீர்கள். இரண்டுக்கும் நேரம் இருக்கிறது. குளிர்காலத்தில் இங்கிலாந்தின் மாலை மூன்று மணி ஆட்டம் நமக்கு இரவு பதினொன்று. நம் ஆட்டம் முடிந்து மாமாக் கடைக்குப் போனால் அதையும் பார்த்துவிடலாம்.

வெளியூர் ஆட்டம்

ஐந்தாறு சொந்த ஆட்டம் பார்த்த பிறகு ஒரு முறையாவது வெளியூர் போய்வாருங்கள். எளிதானது கோலாலம்பூர். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் இரயில் கேஎல் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் போகும். ஆட்டம் செராஸ் காற்பந்து அரங்கில் என்றால் பண்டார் துன் ரசாக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்குங்கள், அரங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. திரும்பி வர இரயிலை நம்ப வேண்டாம், இரவு ஆட்டம் முடிகிற நேரத்துக்குக் கடைசி வண்டி போயிருக்கும். அதே எல்ஆர்டியில் அடுத்த நிலையம் பண்டார் தாசேக் செலாத்தான், அங்கே டிபிஎஸ் பேருந்து நிலையம். நள்ளிரவுப் பேருந்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்து வையுங்கள். வெளியூர் ஆதரவாளர்களுக்கு ஒதுக்கிய பகுதியில்தான் உட்கார வேண்டும், ஜெர்சியை அரங்குக்குள் போன பிறகு போட்டுக்கொண்டால் போதும். பேருந்தில் ஏறியதும் குளிரூட்டிக்கு ஒரு தடித்த சட்டை வேண்டும், தோற்ற பிறகு குளிர் கூடுதலாகத் தெரியும்.

விடியுமுன் சுங்கை நிபோங்கில் இறங்குவீர்கள். பக்கத்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய்க்கு மாவு வீசத் தொடங்கியிருப்பார்கள். உங்கள் நீல ஜெர்சியைப் பார்த்ததுமே கல்லாவில் இருப்பவர், "எவ்வளவு வாங்கினீங்க?" என்று கேட்பார். கேட்பது ரொட்டியைப் பற்றி அல்ல, கோலைப் பற்றி. உள்ளதைச் சொல்லிவிட்டு, ரொட்டி மூழ்கும்படி குழம்பு பாஞ்சிராக ஊற்றச் சொல்லுங்கள்.